தனியார் மருத்துவப் பல்கலைக்கழகங்களும் தலித் மாணவர்களும்: எந்த வாசல் வழியாக நுழைகிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் தம் மகளுடன் எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். அம்மாணவி ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். சேர்த்துவிட்ட தரகர், "எஸ்.சி. பிள்ளைக்கு ஃபீஸே கிடையாதுண்ணே, கவர்மெண்டே கட்டிடும்" என்று உறுதியளித்திருந்தார். ஆனால் உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிலுவையைக் கட்டாமல் தேர்வெழுத முடியாது, விலகினாலும் மூலச் சான்றிதழ்கள் கிடைக்காது என்றது நிர்வாகம்.

தரகர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவருக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு அது கிடையாது என்கின்றன மத்திய அரசின் நெறிமுறைகள். சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. எந்த வாசல் வழியாக நுழைந்தோம் என்பதே உரிமையைத் தீர்மானிக்கிறது. இதைச் சேர்க்கைக்கு முன் நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே.

தமிழ்நாட்டில் இரு வாசல்கள் உள்ளன. முதலாவது, மாநிலத் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு. சுயநிதிக் கல்லூரிகள் தம் இடங்களில் ஒரு பகுதியை இதற்கு ஒப்படைக்கின்றன. சிறுபான்மையல்லாத கல்லூரிகளில் 65 விழுக்காடும் சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 விழுக்காடும் அரசு ஒதுக்கீடாகும். நர்சிங் மற்றும் துணை மருத்துவப் படிப்புகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை, எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நீட். இந்த இடங்களில் மாநில இடஒதுக்கீடு பொருந்தும்: பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு (அதனுள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காட்டு இடங்களில் எம்.பி.பி.எஸ். சேர்வோரின் கட்டணத்தைத் தனியார் கல்லூரியிலும் அரசே ஏற்கிறது.

இரண்டாவது வாசல், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். இவை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் பிரிவு 3இன்கீழ் தகுதி பெற்றவை. இவற்றின் எம்.பி.பி.எஸ். இடங்களை மத்தியக் கலந்தாய்வுக் குழுவே நிரப்புகிறது. ஆனால் அங்கே பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கீடு இல்லை. தகுதி மதிப்பெண்ணில் சலுகை உண்டு. இடம் மட்டும் இல்லை. பல லட்சம் ரூபாய் ஆண்டுக் கட்டணமே அங்கு வடிகட்டியாகச் செயல்படுகிறது.

இதற்கு அரசமைப்புச் சட்டம் தடையாக இருக்கிறதா? இல்லை. உதவி பெறாத தனியார் கல்லூரிகள்மீது அரசு இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்று 2005 ஆகஸ்டில் இனாம்தார் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் 93ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, உறுப்பு 15(5)ஐச் சேர்த்தது. சிறுபான்மை நிறுவனங்கள் நீங்கலாக, உதவி பெறாத தனியார் நிறுவனங்களிலும் சட்டம் இயற்றி ஒதுக்கீடு வழங்கலாம் என்கிறது அவ்வுறுப்பு. 2014இல் பிரமதி வழக்கில் ஐவர் அமர்வும் அதைச் செல்லத்தக்கது என உறுதிசெய்தது.

எனினும், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தித் தனியார் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் நிறுவனங்களோடு நின்றுவிட்டது. தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வழங்கச் சட்டம் வேண்டும் என நாடாளுமன்ற நிலைக்குழு 2025இல் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகாதவரை அதைக் காட்டி எந்த மாணவரும் ஓர் இடத்தைக் கோர முடியாது.

கட்டணத்திலும் இதே நிலைதான். தனியார் மருத்துவக் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் 50 விழுக்காடு இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே வசூலிக்கப்பட வேண்டும் என 2022 பிப்ரவரியில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அறிவிப்பு ஏட்டளவிலேயே பெரிதும் நிற்கிறது. நர்சிங் படிப்புக்கு அந்த அறிவிப்பும் இல்லை.

அம்மாணவியின் வழக்கில் எங்களால் ஒன்றை மட்டுமே மீட்க முடிந்தது. உயர்கல்வி நிறுவனங்கள் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. சான்றிதழ் விற்பனைப் பொருள் அன்று, அதைக் கடனுக்கு ஈடாக வைத்திருக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளது. இவற்றைச் சுட்டி அனுப்பிய அறிவிப்புக்குப் பின் சான்றிதழ்கள் திரும்பின. இழந்த இரண்டு ஆண்டுகளையும் முதலாண்டுக்குக் கட்டிய வட்டிப் பணத்தையும் எந்தச் சட்டப்பிரிவைக் கொண்டும் எங்களால் மீட்க முடியவில்லை. மறு ஆண்டு அவர் மாநிலக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து, ஒரு சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் மீண்டும் முதலாண்டில் சேர்ந்தார். அந்த இடம் முதல் முறையே அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது. கலந்தாய்வு ஒன்று நடக்கிறது என்பதே அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே, சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிடும் முன் மூன்றைக் கேட்டறிவோம்: இது அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா? தேர்வுக் குழுவின் ஒதுக்கீட்டு ஆணை எங்கே? படிப்பு முடியும்வரை மொத்தக் கட்டணம் எவ்வளவு? விடைகளை எழுத்தில் பெறுவோம். சரிபார்த்த பின் மூலச் சான்றிதழ்களைக் கையோடு திரும்பப் பெறுவோம்.

உறுப்பு 15(5)க்கு உயிர் கொடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்திடம் தொடர்ந்து கோருவோம். அதுவரை, பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில் தரகர் நம் தெருவுக்குள் நுழைவதற்கு முன், கலந்தாய்வு விண்ணப்பத்தோடு நாம் அங்கே இருக்க வேண்டும்.