அழுத்தமும் கொழுப்பும்: ஒரே தட்டில் இரு நோய்கள்

ஒரே தமனிக்கு இரு சுமைகள்

இரத்த அழுத்தம் 140/90 அளவைத் தொட்டதாக மருத்துவர் சொன்னவுடன் உப்பைக் குறைத்துக்கொள்பவர்களில் பலர், இரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துப் பார்க்க நினைப்பதில்லை. அழுத்தம் உயர்ந்தே இருக்கும்போது தமனியின், அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாயின், உட்படலம் சிதைவுறுகிறது. ‘கெட்ட கொழுப்பு’ என வழங்கப்படும் எல்.டி.எல். துகள்கள் அந்தச் சிதைவின் வழியே சுவருக்குள் புகுந்து, வெள்ளணுக்களால் விழுங்கப்பட்டு, படிவாக இறுகுகின்றன. படிவு ஏறிய குழாய் நெகிழ்வை இழப்பதால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது மேலும் கடினமாகிறது.

உப்பும் எண்ணெயும் சேருமிடம்

இவ்விரு நோய்களும் ஒன்றாக நுழையும் வாசல், பெரும்பாலும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களே. பொரித்த அப்பளத்தில் உப்பு மட்டுமின்றி அப்பளக்காரமும் சோடியமாகவே உடலில் சேர்கிறது. பொரிக்கும்போது அது எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்கிறது. தணலில் சுட்டால் எண்ணெய் நீங்குமே தவிர சோடியம் நீங்காது என்பதால், சுட்ட அப்பளமும் இந்நோய்கள் உள்ளவர்களுக்கு அன்றாட உணவாகாது. ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு ஆகியவையும் அவ்வாறே. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு வரையறுக்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. அது சாம்பாரிலும் பொரியலிலுமே தீர்ந்துவிடும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, உறையின் மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்றிருப்பதை நம்பி அளவின்றி ஊற்றுவது பெரும்பிழை. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதில்லை. ஆனால் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி பங்கும், தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பாகும். கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அகற்றும் வேகத்தை அக்கொழுப்பு தணிக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல் உள்ளே செல்கிறது. நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ எதுவாயினும், ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று நிறுத்திக்கொள்வது நலம்.

கரையும் நார்ச்சத்து

கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டே பித்தநீரைச் சுரக்கிறது. ஓட்ஸ், பார்லி, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து, குடலில் பித்தத்தைப் பற்றி வெளியேற்றிவிடுவதால், புதிய பித்தத்துக்காகக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ள நேர்கிறது. காய்கனிகளும் கொழுப்பு நீக்கிய பாலும் மிகுந்த ‘டேஷ்’ உணவுமுறை 1997-ல் அமெரிக்க ஆய்வொன்றில் இரத்த அழுத்தத்தைக் குறைத்ததோடு, எல்.டி.எல்.லையும் குறைத்தது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும், பொட்டாசியம் மிகுந்த கீரை, இளநீர், வாழைப்பழம் ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

நடையும் புகையும்

வாரம் 150 நிமிடமாவது, பேச முடிந்தும் பாட முடியாத வேகத்தில் நடப்பது அழுத்தத்தைத் தணிக்கும். புகைப்பதை நிறுத்தினால் நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். உயரும்.

மாத்திரையின் இடம்

மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதற்கு இம்மாற்றங்கள் காரணமாகக் கூடாது. சுமார் மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையே அளவை மாற்றலாமா என்று காட்டும். பரம்பரையாக எல்.டி.எல். மிகுந்த குடும்பங்களில் உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. ஒருவருக்கு அது கண்டறியப்பட்டால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும்.