கட்சிச் செலவு யார் தலையில்?

"கட்சிகளுக்கு அரசாங்கமே பணம் கொடுத்துவிட்டால் லஞ்சம் ஒழிந்துவிடும்" என்றார் எதிரணி நண்பர். கேட்க இனிக்கிறது. அரசாங்கத்துக்கு ஏதுங்க தனிப் பணம்? நம்ம பணம்தானே!

"வரி கட்டுறவங்க பணக்காரங்க, நமக்கென்ன?" என்று தாய்மார்கள் நினைக்கக் கூடாது. இந்தச் செவிலிமேட்டிலே தறியில் உட்கார்ந்திருக்கிறவர் வருமான வரி கட்டாமல் இருக்கலாம். ஆனால் வாங்குகிற சோப்பிலே வரி. கல்யாணத்துக்கு எடுக்கிற பட்டுச் சேலையிலே 5 சதவீதம் வரி. அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. வரி மட்டும் ஒரே உண்டியலில் விழுகிறது. அதை எடுத்துத் தனக்குப் பிடிக்காத கட்சிக்குக் கொடுத்தால், அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்?

1998-இல் இந்திரஜித் குப்தா குழு, தேர்தல் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கலாம், ரொக்கமாக வேண்டாம், பொருளாகக் கொடுக்கலாம் என்றது. ரொக்கம் நேராக வரவில்லை, கொல்லைப்புறமாக வருகிறது! எப்படி? விதிப்படி கணக்கு வைத்திருக்கும் கட்சிக்கு நன்கொடை மீது வருமான வரி கிடையாது. கொடுத்தவருக்கும் சலுகை உண்டு. பழைய வரிமுறையில் 30 சதவீதம் கட்டுகிறவர் காசோலையாக ஒரு லட்சம் கொடுத்தால், 30,000 ரூபாய் வரி குறைகிறது. அதாவது, அவர் கொடுத்தது 70,000. கஜானா கொடுத்தது 30,000. மாலை அவர் கழுத்தில், பூக்காரருக்குக் காசு நம்ம பையிலிருந்து!

2018-இல் வந்த தேர்தல் பத்திரத்துக்கு அச்சுக்கூலியும் பாங்குக் கமிஷனும் கொடுத்தது அரசாங்கம். யார், யாருக்குக் கொடுத்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியக் கூடாதாம்! 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

"சட்டம் போட்டு ஒழுங்காகக் கொடுக்கலாமே" என்பீர்கள். இத்தாலியில் கொடுத்தார்கள். 1993 பொது வாக்கெடுப்பில் 90 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். அதே வருஷம், 'தேர்தல் செலவை ஈடுகட்டுகிறோம்' என்ற பெயரில் பணம் திரும்பி வந்தது. பழைய புடவைக்குப் புது முந்தானை!

கட்சிக்குச் செலவு இல்லையா? உண்டு. இந்த ஊர்ச் சாலைக் கிணற்றிலிருந்து வரதராசப் பெருமாளுக்கு இராமாநுசர் தீர்த்தம் சுமந்தார் என்பது ஐதீகம். சுமந்தது அவர் தோள். ஊரார் தோளில் ஏற்றவில்லை. அந்த வரிச் சலுகையை எடுத்துவிடுங்கள். கட்சிகள் தொண்டர்களிடம் துண்டேந்தட்டும். நூறு ரூபாய் கொடுத்தவன் கணக்குக் கேட்பான். பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் சேர்க்காதே என்று 1,100 வருஷத்துக்கு முன்பே சொன்னது. அந்தக் கல்லுக்கு இருந்த கண்டிப்பு நம்ம சட்டத்துக்கு வேண்டாமா?