வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் இருட்டு

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிறவர்கள் வாணர் தாம்போதியால் கடலைக் கடந்து மடத்துவெளிப் பக்கமாக ஊருக்குள் நுழைவார்கள். காற்றுக் குறுக்கே அடிக்கும் நாளில் ஒரு பக்கத்துக் கடல் தாம்போதிக் கல்லில் மோதிக்கொண்டிருக்க, மறுபக்கம் ஏறக்குறைய அமைதியாகக் கிடக்கும். நீர் ஓடுவதற்கென்று விட்டிருக்கும் வாயினால் நுழையும் அலை அந்த அமைதிக்குள் நேர்கோடாகப் போவதில்லை. அரைவட்டமாக விரிந்து, கல்லின் மறைவில் கிடக்கும் தண்ணீரையும் ஆட்டிவிடும். உயர்தர மாணவர்கள் கோணல் என்று படிப்பது இதைத்தான்.

ஒளி அலையல்ல என்று நியூட்டன் வாதிட்டபோது அவர் எடுத்துக் காட்டியதும் இப்படிப்பட்ட தண்ணீரைத்தான். தேங்கிய நீரில் அலை தடையின் ஓரத்தைச் சுற்றி வளைகிறது. மலைக்கு அப்பால் அடிக்கும் மணியும் நமக்குக் கேட்கிறது. ஒளியும் அலையென்றால் அது ஏன் நிழலுக்குள் வளைந்து வருவதில்லை? மிக நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியின் பலத்தை உணராமல் ஒளி அலை என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

விடை அலைநீளத்தில் இருக்கிறது. ஆழமற்ற கடலில் காற்று எழுப்பும் அலையின் நீளம் சில மீற்றர். அது நுழையும் வாயின் அகலமும் சில மீற்றர்தான். அதனால் அலை தாராளமாக விரிகிறது. பச்சை ஒளியின் அலைநீளமோ 0.00055 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் அகல யன்னல் அதைப்போல் 18 இலட்சம் மடங்கு பெரியது. அந்த யன்னலால் வரும் வெளிச்சம் ஐந்து மீற்றர் தள்ளியிருக்கும் சுவரை அடையும்போது கோணலால் விலகும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று பங்கு. ஒளி வளையத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைவதில்லை.

வளைவைக் காணவேண்டுமானால் தடையைச் சிறிதாக்க வேண்டும். தோமஸ் யங் செய்தது அதுதான். அவர் பெயரைச் சொன்னதும் எல்லாரும் இரட்டைப் பிளவுப் படத்தை வரைவார்கள். 1803 இல் இலண்டன் றோயல் சொசைற்றியில் அவர் விவரித்த பரிசோதனை அதைவிட எளிமையானது, எனக்கு அதைவிடப் பிடித்ததும்கூட. யன்னலை மூடி, ஊசித்துளையால் வெயிலை உள்ளே விட்டு, அதன் வழியில் ஒரு அங்குலத்தின் முப்பதில் ஒரு பங்கு அகலமான அட்டைத் துண்டைப் பிடித்தார். துண்டின் நிழலுக்குள்ளேயே வரிகள் தெரிந்தன. துண்டின் ஒரு பக்கமாக வரும் ஒளியை மட்டும் மறைத்தார். நிழலுக்குள் இருந்த வரிகள் அத்தனையும் மறைந்துபோயின. மறுபக்கத்து ஒளி குறையவேயில்லை, ஆனாலும் மறைந்தன!

இதன் பொருளை ஆறுதலாக யோசிக்க வேண்டும். வரிகளில் முன்பு இருட்டாக இருந்த இடங்கள், இரண்டு பக்கத்து ஒளியும் வந்துசேர்ந்ததால் இருண்ட இடங்கள். ஒரு பக்கத்தை அடைத்ததும் அங்கே ஓரளவு வெளிச்சம் வந்துவிடுகிறது. துகளோடு துகள் சேர்ந்தால் எண்ணிக்கை கூடும், குறையாது. ஒன்றின் முடியும் மற்றதன் தாழியும் பொருந்தி ஒன்றையொன்று அழிப்பது அலைக்கே உரிய குணம். தலையீடு என்பதன் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு இன்று வெயிலும் மூடிய யன்னலும் தேவையில்லை. கடையில் வாங்கும் சிவப்பு லேசர் லைற்றும் ஒரு தலைமயிரும் போதும். மயிரை லேசரின் வாயில் குறுக்காக ஒட்டி, மூன்று மீற்றர் தள்ளியிருக்கும் சுவரில் அடியுங்கள். யாருடைய கண்ணிலும் படவிடாதீர்கள். புள்ளி இருபுறமும் நீண்டு, இடையிடையே இருண்டு தெரியும். மயிரின் தடிப்பு 0.07 மில்லிமீற்றர், அலைநீளம் 650 நானோமீற்றர் என்றால், அடுத்தடுத்த இருட்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 2.8 சென்ரிமீற்றர் இருக்கும். அடிமட்டத்தால் அளந்து, கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்கள் மயிரின் தடிப்பு வந்துவிடும். வலைத் தங்கூசி இதற்குச் சரிவராது. அதனூடே ஒளி புகுந்து முறிந்து வரிகளைக் குழப்பும்.

மாணவப் பருவத்தில் இப்படிப்பட்ட வரிகளைப் பார்த்து, அதிலேயே புதிய ஒன்றைக் கண்டவர் சி.வி.இராமன். திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவானைக்காவலில் 1888 இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை படித்தபோது நிறமாலைமானி ஒன்றில் அரியத்தை வைத்துக் கோணங்களை அளந்துகொண்டிருந்தார். அரியத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் தெறித்த ஒளியைச் சுற்றி வரிகள் தெரிந்தன. சாய்வாகப் பார்க்கும்போது அந்த முகம் ஒடுங்கி, ஒரு பிளவுபோல் நடந்துகொள்கிறது. ஆகவே வரிகள் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அவை இரு பக்கமும் ஒரே அகலத்தில் இல்லை. முகத்தை ஒட்டிய பக்கத்து வரிகள் அகலமாகவும் மறுபக்கத்து வரிகள் நெருக்கமாகவும் இருந்தன.

காரணம் அலைப் பாதைகளின் வித்தியாசத்துக்குள் இருக்கிறது. அந்த வித்தியாசம் கோணத்தோடு நேர்விகிதத்தில் மாறாது, கோணத்தின் சைனோடு மாறும். செவ்வனுக்கு அருகில் சைன் கோணத்தோடு ஒட்டி நடக்கும், அதனால் பாடநூல் வரிகள் சமச்சீராக வருகின்றன. 90 பாகையை நெருங்கும்போது கோணம் நிறைய மாறினாலும் சைன் கொஞ்சமே மாறும், ஆகவே வரி விரிகிறது. இதை அளந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனின் பிலொசொபிக்கல் மகசீனில் அவர் பெயரில் மட்டும் வந்தது. அப்போது அவருக்கு 18 வயது. மாணவர்கள் ‘பிழை’ என்று ஒதுக்கிவிடக்கூடிய சமச்சீரின்மையை அவர் ஒதுக்காமல் அளந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தலையீடும் கோணலும் ஒளி அலை என்று சொல்லும். எந்த வகை அலை என்று சொல்லா. அதற்கு முனைவாக்கம் வேண்டும். போலறோயிட் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு தாம்போதியில் நில்லுங்கள். செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகையில் தண்ணீரைப் பார்த்து வில்லையைச் சுழற்றினால், ஒரு நிலையில் பளபளப்பு அணைந்து அடியிலிருக்கும் மணலும் கடற்புல்லும் தெரியும். இன்னும் 90 பாகை திருப்பினால் பளபளப்புத் திரும்பிவிடும். ஒலிபோன்ற நெட்டாங்கலையில் இது நடவாது. அதன் அதிர்வு போகும் திசையிலேயே இருப்பதால், திருப்புவதால் வேறுபட அதில் ஒன்றுமில்லை. ஒளி குறுக்கலை என்ற முடிவுக்கு பிரெனெல் 1821 இல் வந்தார்.

சரியாக 100 ஆண்டுகளின் பின், இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிய இராமன் இதே முறையைக் கடலில் கையாண்டார். கடலின் நீலம் வானத்தின் தெறிப்பே என்பது ரேலி பிரபுவின் கருத்து. அது சரியென்றால், போலறோயிட்போல் வேலைசெய்யும் நிக்கோல் அரியத்தால் தெறிப்பை அணைத்ததும் நீலமும் போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் எழுதிய குறிப்பு 1921 நவம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்தது. திரவங்களில் ஒளிச் சிதறலைத் தொடர்ந்து ஆராய்ந்த அந்த வழிதான் 1928 பெப்ரவரியில் இராமன் விளைவில் கொண்டுபோய் விட்டது.