படம் ஏன் புள்ளியடிக்கிறது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணில் ஏறிப் பார்த்தால் கறுப்பு வீடியோ கேசட்டுகள் நாலைந்தாவது அகப்படும். சித்தப்பா கல்யாணம், அக்காவின் காதுகுத்து என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கும். பக்கத்திலேயே தூசி படிந்து ஒரு வி.சி.ஆர். இருக்கும். நம் ஊரில் அதற்கு டெக் என்றுதான் பெயர். 1980களில் கலர் டிவியையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி உட்கார்ந்து விடிய விடிய படம் பார்ப்பார்கள். என்னென்ன படம் என்று பாட்டியைக் கேளுங்கள், வரிசையாகச் சொல்வார்.

அந்த டெக்கில் இன்று கேசட்டைப் போட்டால் படம் புள்ளியடிக்கும், நெளியும், பாட்டு இழுக்கும். உடனே "மெஷின் போச்சு" என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்பதில்லை. பல டெக்குகளில் உடைந்தது எதுவும் இருக்காது, அழுக்குதான் சேர்ந்திருக்கும். அது எந்த இடத்து அழுக்கு என்பதைப் படமே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் புரிந்துகொள்ள, டெக் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்ப்போம்.

கேசட்டுக்குள் இருப்பது 12.7 மில்லிமீட்டர் அகல பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசைபோட்டுப் பூசியிருக்கிறார்கள். படமும் சத்தமும் அந்தத் துகள்களில் காந்தப் பதிவாக இருக்கின்றன. நம் வீடுகளுக்கு வந்த வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இப்போது ஒரு கணக்கு. படத்தைப் பதிய, நாடாவும் அதைப் படிக்கும் ஹெட்டும் ஒன்றையொன்று விநாடிக்கு 4.85 மீட்டர் வேகத்தில் உரச வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டில் இருப்பது சுமார் 258 மீட்டர் நாடா. 258-ஐ 4.85-ஆல் வகுத்துப் பாருங்கள். ஐம்பத்து மூன்றே விநாடி! படத்துக்குப் பெயர் போடும்போதே கேசட் தீர்ந்துவிடும்.

பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? நாடாவை விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர் மட்டும் நகரவிட்டு, ஹெட்டைச் சுழலவிட்டார்கள். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோக டிரம்மின் எதிரெதிர் ஓரங்களில் இரண்டு ஹெட்டுகள். டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றுகிறது. நாடா அதைச் சாய்வாகச் சுற்றிப் போவதால், பதிவும் சாய்ந்த கோடுகளாக விழுகிறது. நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு நீளத் துண்டுக் காகிதத்தை வட்ட டப்பாவின்மேல் சாய்வாகச் சுற்றுங்கள். டப்பாவின் விளிம்புக்கு இணையாகப் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். காகிதத்தைப் பிரித்தால் கோடு சாய்ந்திருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்பவர் யாராவது வீட்டில் இருந்தால் அந்த டிரம்மைக் காட்டுங்கள். அதன் வழவழப்பைத் தொடாமலே மெச்சுவார்.

ஹெட்டின் முனையில் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. உங்கள் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. நாடாவிலிருந்து உதிரும் துகள் அதில் அடைத்துக்கொண்டால் திரை முழுக்கப் புள்ளி. ஆனால் சத்தம் நன்றாகவே கேட்கும். ஏனென்றால் சாதாரண டெக்குகளில் சத்தத்துக்குச் சுழலாத இன்னொரு ஹெட் தனியாக இருக்கிறது. பாட்டு மங்கலாகக் கேட்டால் அழுக்கு அங்கே. பாட்டு இழுத்தால், நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை வழுக்குகிறது. டெக் டேப்பைத் தின்றால், நாடாவைச் சுருட்டும் சக்கரம் சுற்றவில்லை, பெல்ட் தளர்ந்திருக்கும். திரையில் ஒரு பட்டையாக மட்டும் புள்ளி வந்தால் டிராக்கிங் பொத்தானைத் திருப்பிப் பாருங்கள். எதற்கும் முன்னால் வேறொரு நல்ல கேசட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் சரியாக ஓடாவிட்டால்தான் கோளாறு டெக்கில்.

சுத்தம் செய்வது பெரியவர்கள் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரப் பகுதியில் மின்னூட்டம் தங்கியிருக்கும், அங்கே கை போகவே கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோலை டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மின் மேல்பக்கத்தைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை முறிந்துவிடும். பஞ்சுக் குச்சியும் வேண்டாம், நூல் மாட்டி இழுக்கும். ரப்பர் உருளையை ஈரத் துணியால் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்தால் போதும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கேசட். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டு போகக் கூடாது.

நம் பகுதிக்கென்று ஒரு தொல்லை தனியாக உண்டு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று சுற்றிலும் நீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே ஓதம் காக்கும். அந்த ஈரத்தில் கேசட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். கறுப்பின்மேல் வெள்ளைத் தூளோ நூலோ தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். ஊதவோ தட்டவோ வேண்டாம், மூச்சுக்குக் கெடுதல். ஒரு பையில் தனியே கட்டி வைத்து, கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரும் கடையில் பூஞ்சை என்று சொல்லியே கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல கேசட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, உலர்ந்த அலமாரியில் புத்தகம்போல நிற்க வையுங்கள்.

டெக் சரியாக ஓட ஆரம்பித்ததும் படம் பார்த்ததோடு விட்டுவிடாமல், கணினியில் ஒரு நகல் எடுக்கச் சொல்லி அப்பா அம்மாவை நச்சரியுங்கள். கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இப்போது உலகில் எங்கேயும் புது டெக் தயாராவதில்லை.