பயிற்சிக்கு வராத தற்காப்பு வீரர்

தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரரின் திறமை பயிற்சித் திடலில் அன்றாடம் ஓடி உழைத்தே நிலைநிறுத்தப்படுகிறது என்பது பொதுவான கருத்து. அயர்லாந்தின் பால் மெக்ராத் இந்த நியதிக்கு அப்பாற்பட்டவர். 1989 முதல் 1996 வரை இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கழகத்துக்கு ஆடிய அவர், முழங்கால்களில் அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள் நடந்து குருத்தெலும்பு தேய்ந்துபோன நிலையில், சக வீரர்களோடு பயிற்சி ஓட்டம் ஓடுவதையே ஏறக்குறைய கைவிட்டிருந்தார். கழகத்தின் இயன்முறை மருத்துவர் ஜிம் வாக்கர், முழங்காலுக்குச் சுமை தராத இலேசான பயிற்சிகளை மட்டும் அவருக்கு வகுத்துத் தந்து, எஞ்சிய வலுவையெல்லாம் ஆட்ட நாளுக்கென்று சேமித்து வைத்தார். அப்படி ஆடியவரைத்தான் 1993இல் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தாங்களே வாக்களித்து ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தனர்.

மெக்ராத் 1959 டிசம்பரில் லண்டனின் ஈலிங் பகுதியில் பிறந்தார். தாய் அயர்லாந்துக்காரர், தந்தை நைஜீரியர். திருமணமாகாத தாய்க்கும் கலப்பினக் குழந்தைக்கும் அக்கால அயர்லாந்துச் சமூகத்தில் இடமில்லாதிருந்தமையால், குழந்தை டப்ளினில் வளர்ப்பு இல்லத்திலும் பின்னர் அநாதை விடுதிகளிலும் வளர நேர்ந்தது. அங்கிருந்து வெளிவந்த இளைஞர் சிறு கழகங்களில் ஆடி, 1981இல் டப்ளினின் இஞ்சிகோர் பகுதியைச் சேர்ந்த செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெட்டிக் கழகத்தில் சேர்ந்தார். ஒரே பருவத்தில் 'இஞ்சிகோரின் கறுப்பு முத்து' என்று ரசிகர்கள் அழைக்குமளவு புகழ் பெற்றார். 1982இல் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் ரான் அட்கின்சன் அவரைத் தம் அணிக்கு அழைத்துக்கொண்டார்.

1985ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், மெக்ராத் தவறவிட்ட பந்தை எவர்ட்டனின் பீட்டர் ரீட் கைப்பற்றிப் பாய, அவரைத் தடுத்து வீழ்த்திய கெவின் மோரன் வெளியேற்றப்பட்டார். அக்கோப்பையின் இறுதியாட்டத்தில் வெளியேற்றப்பட்ட முதல் வீரர் அவரே. எஞ்சிய பத்துப் பேரோடு யுனைடெட் தாக்குப்பிடித்து, கூடுதல் நேரத்தில் நார்மன் வைட்சைட் அடித்த கோலால் வென்றதில் மெக்ராத்தின் தற்காப்புக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் மேலாளரான அலெக்ஸ் ஃபெர்குசன் அவருடைய முழங்காலையும் குடிப்பழக்கத்தையும் கருதி 1989இல் விலக்கிவிட முடிவு செய்தார். அம்முடிவைக் குறைகூற இடமில்லை. ஆனால் அதனால் பயனடைந்தது வில்லாதான்.

மெக்ராத்தைப் போன்ற மையத் தற்காப்பு வீரர் என்பவர் கோல் கம்பத்துக்கு நேர் முன்னால் நின்று எதிரணியின் முன்கள ஆட்டக்காரரை மறிப்பவர். வேகம் குறைந்தவர் அங்கே எளிதில் ஏமாற்றப்படுவார். மெக்ராத் பந்து வந்தபின் ஓடவில்லை. அது எங்கே வரும் என்பதை, பந்தைக் கடத்துபவரின் கால் திரும்பும் கோணத்திலிருந்தே கணித்து, முன்னதாகவே அங்கே நின்றுகொண்டார். சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கும் வேலை அதனால் அவருக்கு அரிதாகவே தேவைப்பட்டது.

இந்த ஆற்றலின் உச்சம் 1994 ஜூன் 18 அன்று அமெரிக்காவில், நியூயார்க்கை ஒட்டிய ஜயன்ட்ஸ் விளையாட்டரங்கில் இத்தாலிக்கு எதிராக நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் வெளிப்பட்டது. அயர்லாந்தின் ரே ஹூட்டன் தொடக்கத்திலேயே அடித்த ஒரே கோலைக் காத்து நிற்க வேண்டிய பொறுப்பு அயர்லாந்துத் தற்காப்பின் மேல் விழுந்தபோது, தோள்பட்டை வலியையும் பொருட்படுத்தாத மெக்ராத், ராபர்ட்டோ பாஜ்ஜியோ உள்ளிட்ட இத்தாலியரின் தாக்குதல்களைத் தலையாலும் உடலாலும் மறித்து நின்றார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1990 உலகக் கோப்பையின் காலிறுதிவரை மேலாளர் ஜாக் சார்ல்ட்டனின் அயர்லாந்து அணி முன்னேறியபோது, அவர் நடுக்கள ஆட்டக்காரராகவே ஆடியிருந்தார். மொத்தம் 83 பன்னாட்டு ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 8.

திடலுக்கு வெளியே மதுவோடான போராட்டம் நீடித்தது; அதனால் சில ஆட்டங்களுக்கு வராமலும் போனார். விடுதி வாழ்க்கை, மனச்சோர்வு, மது ஆகியவற்றை ஒளிவுமறைவின்றி அவர் விவரித்த தன்வரலாறு 2006இல் வெளியாகி, அயர்லாந்தில் அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு நூலாகத் தேர்வுபெற்றது.