குடம் சுமந்தால் குலமகள், இரும்பைத் தூக்கினால்?

தம்பி, ஒரு மனக்கணக்கு. காகிதம் வேண்டாம், பென்சில் வேண்டாம்.

உலகப் பளுதூக்கும் போட்டிகளிலே பெண்களுக்கென்று தருகிறார்களே இரும்புக் கம்பி, இருபுறமும் தட்டு மாட்டாத வெறும் கம்பி, அதன் எடை 15 கிலோ. தண்டையார்ப்பேட்டையிலே தண்ணீர் லாரி வந்து நின்றதும் ஓடிப்போய் நிரப்புகிறார்களே பிளாஸ்டிக் குடம், நிரம்பிய பிறகு அதன் எடையும் ஏறத்தாழ அதுதான். இடுப்பிலே ஒன்று, கையிலே ஒன்று, 30 கிலோ. நாளொன்றுக்கு எட்டு நடை என்று வைத்துக்கொள். 240 கிலோ.

2000ஆம் ஆண்டு செப்டம்பரில், சிட்னி ஒலிம்பிக் மேடையிலே, ஆந்திரத்து மங்கை கர்ணம் மல்லேசுவரி தூக்கிய எடை எவ்வளவு தெரியுமா? ஒருமுறை 110, மறுமுறை 130. கூட்டினால் அதே 240. அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருத்தி பெற்ற முதல் பதக்கம் அது. நம் தண்டையார்ப்பேட்டைத் தாய்க்குக் கிடைத்தது இடுப்பு வலி!

ஒரே மூச்சில் தலைக்கு மேலே தூக்குவதும் எட்டு நடையாகச் சுமப்பதும் ஒன்றாகுமா என்று கேட்பாய். ஆகாது; நானும் அறிவேன். நான் கேட்பது வேறு. குடம் சுமந்தவளைப் பார்த்து, 'ஐயோ, பெண்மை போயிற்றே' என்று எந்தப் பண்டிதராவது பதறினாரா? காசிமேட்டு ஏலத்திலே எடுத்த மீனைக் கூடையில் அள்ளித் தலையிலே ஏற்றித் தெருத்தெருவாய் விற்று வந்தாளே, அவள் கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டு எந்தப் புலவராவது கண்ணீர் வடித்தாரா? எண்ணூர்க் கழிமுகத்திலே இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்களே இருளர் பெண்கள், அவர்களிடம் போய், 'அம்மா, கொடியிடை வளைகிறதே' என்று எவராவது கவலைப்பட்டாரா? இல்லை! பிறருக்காகச் சுமக்கும் வரையில் பெண்ணின் பலம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அவள் தனக்காக ஒரு கம்பியைத் தூக்கட்டும், தன் புஜத்தைத் தானே கண்ணாடியில் பார்த்து மகிழட்டும். அப்போது பார், நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் பண்பாடு நினைவுக்கு வந்துவிடுகிறது.

உடற்கட்டுப் போட்டியிலே இறங்கும் பெண்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆண்டுக்கணக்கில் ஜிம்முக்குப் போய், பளு தூக்கி, தசையைத் திரட்டி, போட்டிக்கு முந்திய மாதங்களில் உணவை அளந்து உண்டு, மேடையேறி, நடுவர் சொன்ன கோணத்தில் எல்லாம் உடலை இறுக்கிக் காட்டி நிற்கும் பெண்கள். பெரும்பாலோர் இதனால் ஒரு காசும் சம்பாதிப்பதில்லை, கைக்காசைச் செலவழிக்கிறவர்கள்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? நாளேடுகளைப் புரட்டு: 'ஆணழகன் போட்டி'! பெயரிலேயே ஆணைக் குடியேற்றிவிட்டோம். அந்த மேடையிலே பெண் ஏறினால் என்னவென்று எழுதுவது? 'அழகிப் போட்டி' என்றால் அது வேறு கடை, வேறு சரக்கு. ஆகவே, 'ஆணழகன் போட்டியில் பெண் வெற்றி' என்று எழுதிவிட்டு நம் செய்தியாளர்கள் தலையைச் சொறிகிறார்கள். எத்தனையோ சொல்லைத் தேடிப் பிடித்து மொழிக்குச் சூட்டிய இயக்கம் நம்முடையது. உடற்கட்டுப் போட்டி என்றே எழுதுவோமே! ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும்.

2021இல் அப்படி ஒரு தலைப்பு வந்தது. வாணியம்பாடி சங்கீதா, இரண்டு குழந்தைகளின் தாய், தென்னிந்திய அளவிலான உடற்கட்டுப் போட்டியில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றார். வாணியம்பாடி, தோல் பதனிடும் ஊர். உழைத்துக் களைத்த உடல்கள் நிறைந்த ஊர். அங்கிருந்து ஒருத்தி, பிள்ளை பெற்று வளர்த்த பிறகு, புதிதாய் ஓர் உடலைச் செதுக்கிக்கொண்டு மேடையில் நின்றாள். மணிப்பூரிலிருந்து நெடுநாளாகப் பெண்கள் இந்தத் துறையில் வந்துகொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் தொகை இன்னும் சிறிது.

'தசை வளர்ந்தால் ஆணாகிவிடுவாள்' என்பது தேநீர்க் கடைத் தீர்ப்பு. உடலியல் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. தசையைப் பருக்கச் செய்யும் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு, பெண்ணின் இரத்தத்தில் ஆணுக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஓராண்டு பளு தூக்கினாலும் அவள் பயில்வான் ஆகமாட்டாள். எலும்பு உறுதிப்படும், முதுகு நிமிரும், முழங்கால் வலி குறையும். மேடையிலே நாம் காணும் திரண்ட தசை, ஐந்தாண்டு, பத்தாண்டு உழைப்பின் கூலி.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தப் பத்தாண்டை இரண்டாண்டாகச் சுருக்கித் தருகிறேன் என்று ஊசியோடு வருகிறவர்கள் உண்டு. ஸ்டீராய்டு ஏறிய பெண்ணுக்குக் குரல் தடிக்கும். தடித்த குரல், மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. முகத்தில் மயிர் முளைக்கும், மாதவிலக்கு குலையும், கல்லீரலும் இதயமும் கெடும். போட்டிக்கு முன்னாளில் தண்ணீரை நிறுத்தித் தசைக்கோட்டைத் துலக்கிக் காட்டும் பழக்கமும் உயிரோடு விளையாடுவதே. ஆண்களிடமும் இதே கேடு மலிந்து கிடக்கிறது. அதைச் சொல்லி ஆண்களைக் கூடத்தைவிட்டு விரட்டியவர் யாரும் இல்லை. கெட்ட ஆசானை விரட்டு, மருத்துவரை அமர்த்து, சோதனையைக் கடுமையாக்கு. பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது அதற்கு மருந்தல்ல.

உடையைப் பற்றியும் கூச்சல். தசையைப் பார்த்து மதிப்பெண் போடும் போட்டியில் போர்வை போர்த்திக்கொண்டு வரமுடியுமா? நீச்சல் வீராங்கனை புடவை கட்டிக் குளத்தில் குதிக்கிறாளா? மேடையில் நிற்பவளுக்கு வெட்கம் இல்லையாம். முன்வரிசைக்குச் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்து பழிக்கிறவருக்கு மட்டும் வெட்கம் நிறைய இருக்கிறதாம்! சூலம் ஏந்திய எட்டுக்கைக் காளிக்குச் சூடம் கொளுத்துகிற அதே கை, இரண்டு கையால் இரும்பு ஏந்தியவளைக் கண்டதும் சுட்டுவிரல் நீட்டுகிறது.

வெள்ளையர் நாட்டில் எல்லாம் வெளிச்சமாக இருந்தது என்றும் எண்ணாதே. 1980இல் அமெரிக்காவில் 'மிஸ் ஒலிம்பியா' தொடங்கினார்கள். 1983இல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ஒரு போட்டிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பெவ் பிரான்சிஸ் என்ற வீராங்கனை வந்தார். மார்மீது இறக்கித் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ, தாண்டிய முதல் பெண் அவர். அவரளவு தசை திரண்டவர் அந்த மேடையில் வேறு எவரும் இல்லை. தசைப் போட்டி என்றுதானே பெயர்? முதலிடம் கிடைத்திருக்கவேண்டாமா? எட்டாவது இடம்! நடுவர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள், ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தசை இருக்கலாம் என்று. அந்தப் பேச்சு 1985இல் ஆவணப்படமாகவே வெளிவந்தது. ஓட்டப்பந்தயத்தில் 'அளவுக்கு மீறி வேகமாக ஓடினாய்' என்று எவரையாவது எட்டாவதாக நிறுத்தியதுண்டா? 'மிஸ் ஒலிம்பியா'வையும் 2014க்குப் பிறகு நிறுத்திவிட்டு, 2020இல்தான் மறுபடி நடத்தினார்கள். அளவுகோல் அங்கேயும் ஆண் கையில்தான் இருந்தது.

இந்திய மண்ணிலே? 1954இல் அலிகார் மல்யுத்த வீராங்கனை ஹமீதா பானு, 'என்னை வென்றவனை மணப்பேன்' என்று அறைகூவி, பரோடாவில் பாபா பயில்வானை ஒரு நிமிடம் 34 நொடியில் வீழ்த்தினார். வங்கத்து ரேபா ரக்சித் தன் மார்மீது யானையை நடக்கவிட்டார். சர்க்கஸ் கூடாரத்தில் கைதட்டிய நாடு, அவர்களை விளையாட்டு வீராங்கனைகளாக வரலாற்றில் எழுதிவைக்க மறந்தது. ஹமீதா பானு கடைசிக் காலத்தில் பால் விற்றுப் பிழைத்தார்.

நம் வடசென்னைக்கு வருவோம். குத்துச்சண்டைக்குப் பேர்போன மண். சார்பட்டா என்றும் இடியாப்ப நாயக்கர் என்றும் பரம்பரை பரம்பரையாக மார்தட்டிய மண். துறைமுகத்திலும் ஆலையிலும் உடம்பை வருத்தியவன், மாலையிலே தாலீம்கானாவில் அந்த உடம்பைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டான். கூலிக்காரன் தலைநிமிர்ந்த இடம் அது. அத்தனை பரம்பரையும் அப்பன் பேரில், ஆசான் பேரில்! அக்காள் பேரில் ஒன்றுகூட இல்லை. அவனுக்கு வாய்த்த மாலைநேரம் அவளுக்கு வாய்க்கவில்லை. ஆலைச் சங்கு ஊதியதும் அவளுக்கு அடுப்படி வேலை தொடங்கிவிட்டது.

அடுப்படி என்றதும் இன்னொன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நூற்றுக்கு ஐம்பத்து மூன்று! தசை வளர்க்கும் பெண்ணுக்குப் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ளவளுக்கு நாளைக்கு 80 கிராமுக்கு மேல் என்பார்கள் பயிற்சியாளர்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம். டப்பாவில் விற்கும் புரதமாவு, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் காசிமேட்டிலே நெத்தலியும் கானாங்கெளுத்தியும் கரையேறுகின்றன. நூறு கிராம் மீனில் ஏறத்தாழ இருபது கிராம் புரதம். கொட்டிக் கிடக்கிறது, தம்பி! அதைத் தலையில் சுமந்து விற்கிறவள், வீட்டுக்கு வந்து குழம்பு வைத்து, நடுத்துண்டைக் கணவனுக்கும் அடுத்த துண்டைப் பிள்ளைக்கும் போட்டுவிட்டு, தலையையும் வாலையும் தான் தின்கிறாள். அவள் உடல் அவளுக்கே கடைசிப் பந்தி.

1920இல், கொருக்குப்பேட்டையில் பிறந்த தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். 1956, 1982, 1989 என்று சோறும் சத்துணவும் முட்டையும் வளர்ந்து, 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பெண்பிள்ளையின் தட்டில் அரசு முட்டை வைத்தது. பள்ளியைவிட்டு வந்ததும் அந்த முட்டை யார் தட்டுக்குப் போகிறது என்பதை அரசு வந்து பார்க்கமுடியாது.

இங்கேதான் நம்மவர்களைக் கேட்கவேண்டும். 1949 செப்டம்பர் 18, இராயபுரம் ராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையிலே கழகம் பிறந்த செய்தியைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1929 செங்கற்பட்டு மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டவர்களின் வழிவந்தவர்கள். 1973இல் பெண்ணுக்குக் காக்கிச்சட்டை அணிவித்தது நம் ஆட்சி. மேடையேறினால் முறத்தால் புலியை விரட்டிய தமிழச்சியை விட்டால் வேறு உவமை நமக்குக் கிடைக்காது. நல்லது. அந்தத் தமிழச்சிக்குப் புஜம் இருந்ததா, இல்லையா? புலியைப் புறங்காணச் செய்தவளின் தோள் பூங்கொடியாகவா இருந்திருக்கும்? மேடையிலே அவளுக்கு மாலை சூட்டிவிட்டு, வீட்டிலே தங்கை ஜிம்முக்குப் போகிறேன் என்றால், 'நாலுபேர் என்ன சொல்வார்கள்' என்று கேட்கும் தோழரை நான் அறிவேன், நீயும் அறிவாய். அந்த நாலு பேரில் அவரும் ஒருவர்!

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. வடசென்னையே கொண்டாடியது, கொண்டாடவேண்டியதுதான். உட்கார்ந்து ஆடி வென்றவளைத் தோளில் தூக்கிய ஊர், நின்று தசை காட்டி வெல்பவளையும் தூக்குமா?

அவளுக்கு வேலையும் எளிதில் கிடைப்பதில்லை. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் நெடுங்காலம் உடற்கட்டுக்குத் தனி வரிகூட இல்லை. 'ஜிம்னாஸ்டிக்ஸ், உடற்கட்டு உட்பட' என்று ஒண்டுக் குடித்தனம். போட்டி நடத்தும் கூட்டமைப்புகளோ ஒன்றல்ல. யார் தந்த சான்றிதழ் செல்லும் என்பதிலேயே பாதி வாழ்வு போய்விடும். ஆண்களுக்கு எடைவாரியாகப் பல பிரிவு வைக்கும் பல போட்டிகளில், பெண்கள் அத்தனை பேரையும் ஒரே பிரிவில் அடைக்கிறார்கள். 48 கிலோவும் 70 கிலோவும் ஒரே வரிசையில்!

டெல்லி திருந்தும் நாளுக்காகக் காத்திருக்கவேண்டாம். மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்கள் நம் வட்டங்களில் இருக்கின்றன. செப்டம்பர் முப்பெரும் விழாவுக்கு நிதி திரட்டும்போது, ஒரு கட்-அவுட் குறைந்தால் தலைவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு 15 கிலோ கம்பியும் சில தட்டுகளும் வாங்கிக் கொடுக்கலாம். அதற்குமுன், இந்த வாரமே உன் வட்டத்துக் கூடத்துக்குப் போய் மூன்று கேள்வி கேட்டு வா: பெண்களுக்கென்று மாலையில் ஒரு மணிநேரம் ஒதுக்கியிருக்கிறார்களா? பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் உண்டா? அவர்களுக்கான கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது?