வீதியில் பாட ஓர் இடம்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஞாயிறு மாலைகளில் மொட்டைமாடியில் கூடித் திரைப்பாடல்களை ஒத்திகை பார்க்கும் இளைஞர்கள் சிலரை அறிவேன். வார நாள்களில் சிமென்ட் ஆலையிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள். விடுமுறையில் ஊர் ஊராகச் சென்று வீதியோரம் நின்று பாட வேண்டும் என்பது அவர்களது விருப்பம்.

பிறர் இசையமைத்த பாடலைப் பாடுவது எளிது என்று தோன்றலாம். ஆனால், முப்பது வயலின்கள் நிறைத்த இடத்தை ஒரு கிதார் நிரப்பியாக வேண்டும். பாடுபவரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்ற வேண்டும். சந்தை இரைச்சலில் நீண்ட இடையிசை எடுபடாது. எதைக் கைவிடுவது, எதைக் காப்பது என்று முடிவெடுப்பதே ஒத்திகையின் பெரும்பகுதி.

இது நமக்குப் புதிதல்ல. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன், மக்கள் அறிந்த திரைப்பட மெட்டுகளில் புதிய சொற்களைப் பொருத்திக் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவரது குழுவுடன் ஊர் ஊராகச் சுற்றிய தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா. இன்றும் நம் பேருந்து நிலையங்களில் பார்வையற்ற கலைஞர்கள் திரைப்பாடல்களைப் பாடியே குடும்பம் நடத்துகின்றனர்.

கட்சி மேடைக்கும் திருவிழாக் கச்சேரிக்கும் அனுமதி பெறும் வழி எல்லோருக்கும் தெரியும். வீதியில் பாடுபவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது, பதிப்புரிமைச் சட்டம், 1957. தொழில்முறை சாராத குழுவோ சங்கமோ கட்டணம் செலுத்தாத அவையினர் முன் ஓர் இசைப் படைப்பை நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது அதன் 52-ஆவது பிரிவு. ஆனால், துண்டை விரித்துக் காசு பெற்றால் இச்சலுகை பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. படைப்பாளியின் உரிமையும் புறந்தள்ளத் தக்கதல்ல. தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று 2017-இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே வழக்குரைஞர் மூலம் அறிவிக்கை அனுப்பினார் இளையராஜா.

இரண்டாவது, ஒலி மாசு விதிகள், 2000. எழுத்துபூர்வ அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்த இயலாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் தடை உண்டு. சிறிய ஒலிபெருக்கியுடன் பாடுபவரும் இதற்குக் கட்டுப்பட்டவரே.

மூன்றாவது, கலையையும் இரத்தலையும் ஒன்றாகப் பார்க்கும் மனப்போக்கு. பொது இடத்தில் பாடியோ ஆடியோ காசு பெறுவதையும் பிச்சை என்றே வரையறுத்தது 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். அது தில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டிருந்தது. அங்கே பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. ஆயினும், அந்தப் பார்வை நம்மை விட்டு முற்றிலும் அகலவில்லை.

லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் உரிமம் பெற்ற இசைக் கலைஞர்கள் குறித்த இடங்களில் பாடும் திட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரிலும் தேசியக் கலைகள் மன்றம் வீதிக் கலைஞர்களுக்கு அனுமதி வழங்குகிறது. எங்கே, எத்தனை மணிக்கு என்ற வரையறை இருப்பதால், பாடுபவருக்கும் அச்சமில்லை, கடைக்காரருக்கும் தொல்லையில்லை.

பெரம்பலூர், அரியலூர் நகராட்சிகள் இதைச் சிறிய அளவில் தொடங்கிப் பார்க்கலாம். பேருந்து நிலையத்திலோ பூங்காவிலோ ஓரிடம், மாலையில் இரண்டு மணி நேரம், எளிய விண்ணப்பம் ஒன்று போதும். பாட்டே பிழைப்பாக உள்ள பார்வையற்ற கலைஞர்களுக்கு முதலிடம் தர வேண்டும். பொழுதுபோக்காகப் பாடுவோருக்கு எஞ்சிய நாள்களை ஒதுக்கலாம். இல்லையெனில், ஆசைக்குப் பாட வருபவர்கள் வயிற்றுக்குப் பாடுபவர்களின் இடத்தைப் பறித்துவிடக் கூடும். அந்த வரிசையை முறைப்படுத்துவது உள்ளாட்சியின் கடமை.